பூண்டு நாற்றமும் ஒரு தெர்மோகப்பிளும்

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு இறங்கும் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். மத்தியானப் பஸ் போய்விட்டது. தோளில் கருவிப் பை. அதில் ஸ்பேனர்கள், ஒரு குறடு, சோப்புத் தண்ணீர் பாட்டில், ஒரு பழைய டூத் பிரஷ். இவை என்னுடையவை. இவற்றோடு கிடந்த கேஸ் ரெகுலேட்டர் என்னுடையது அல்ல. மேலே ஒரு வீட்டுச் சிலிண்டரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். அந்த வீட்டில் பிள்ளை பெற்ற பெண் ஒருத்தி வெந்நீருக்குக் காத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரனிடம் சொல்லிவிட்டு வந்தேனா என்றால், இல்லை.

சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. முதலாளிதான். இரண்டு வளைவு தாண்டியதும் சிக்னல் போய்விட்டது. கல்வராயன் மலையில் சிக்னல் இல்லை என்று வருகிறவர்கள் எல்லாரும் குறைபட்டுக்கொள்கிறார்கள். அன்றைக்கு எனக்கு அதைவிட நல்ல வசதி வேறெதுவும் தேவைப்படவில்லை.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் நான் டீ குடிக்கிற கடைக்கு எதிரே ஒரு சர்வீஸ் சென்டர் வந்திருக்கிறது. அங்குள்ள மெக்கானிக்குகளுக்கு எல்லாம் பேட்டரி, சர்க்யூட், சிவப்பு எழுத்தில் எண் காட்டும் ஹீட்டர்தான் தெரியும். போன மாதம் ஒரு பழைய கேஸ் ஹீட்டர் வந்து மாட்டிக்கொண்டது. ஒருவன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"பெருசு, இது இன்னா, எலி வாலு மாதிரி தொங்குது?"

"தெர்மோகப்பிள்."

"இன்னாத்துக்கு அது?"

"நெருப்பு இருக்குதா இல்லையானு பாக்க."

"அத்த கண்ணால பாத்தா தெரியாதா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எதை எதையோ கண்ணால் பார்த்துக்கொண்டே விட்டுவிடுகிற ஊர் இது என்று சொல்ல நினைத்தேன். டீ ஆறிக்கொண்டிருந்ததால் சொல்லவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பழைய கேஸ் ஹீட்டரில் பைலட் என்று ஒரு குட்டித் தீ எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். குழாயைத் திறந்தால் அதிலிருந்து பெரிய தீ பற்றிக்கொள்ளும். தெர்மோகப்பிள் என்பது மெல்லிய செம்பு வால். அதன் முனை அந்தக் குட்டித் தீயில் மூக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மூக்கு சூடாக இருக்கிற வரை கேஸ் வால்வு திறந்திருக்கும். தீ அணைந்தால் மூக்கு ஆறும், வால்வு மூடிக்கொள்ளும். வேறு வேலை அதற்குக் கிடையாது. தூங்காமல் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். சம்பளம் இல்லாமல் அதை ஒழுங்காகச் செய்கிற ஒரே ஆள் அதுதான்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. எட்டாவதோடு படிப்பு நின்றது. கரும்பு வெட்டினேன். லாரி கிளீனராகப் போனேன். ஆந்திராவுக்கு மரம் வெட்ட வா என்று ஒருவர் கூப்பிட்டார். என்ன மரம் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, நான் போகவில்லை. பெங்களூரில் ஓட்டல் பாத்திரம் கழுவி, அங்கே அடுப்பு ரிப்பேர் செய்ய வந்தவரின் பையைத் தூக்கி, அப்படியே லாட்ஜுகளில் ஹீட்டர் வேலை பழகினேன். ஒரு ஊரில் காலூன்றி நிற்க எனக்கு வராது. பெங்களூரும் சலித்தபோது கள்ளக்குறிச்சிக்குத் திரும்பி, கோதண்டம் என்பவரின் கடையில் சேர்ந்தேன்.

தார் ரோடு உருகுகிற ஊரில் வெந்நீர்ப் பெட்டியை யார் வாங்குவார்கள் என்று கேட்கலாம். கல்யாணச் சீர் வாங்குகிறவர்கள் வாங்குவார்கள். கட்டில், பீரோ, கிரைண்டரோடு ஒரு கேஸ் ஹீட்டரும் வண்டியில் ஏறினால் சம்பந்தி வீட்டில் பேச்சு நின்றுவிடும். அது குளிக்க அல்ல, காட்ட. மார்கழியில் ஒரு வாரம் ஓடும்.

கோதண்டம் ஹீட்டர் பார்க்கப் போகிற விதமே தனி. வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாது. வாசலில் செருப்பை விட்டுவிட்டு, தண்ணீர் கேட்டு, பாதி குடித்து, மீதியை வைத்துவிடுவார். ஹீட்டருக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். நாக்கைத் தட்டுவார். வீட்டுக்காரர் முகம் வெளுக்கிற வரைக்கும் காத்திருப்பார். பிறகு மெதுவாகச் சொல்வார்:

"தப்பிச்சீங்க. நல்ல நேரத்துல கூப்டீங்க."

ஒரு வீட்டிலாவது "ஒன்றுமில்லை" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

புது ஹீட்டர் மாட்டிக் கொடுக்கும்போது மூடியைத் திறந்து தெர்மோகப்பிள் முனையைக் காட்டி, "இதாங்க மிஷினுக்கு உயிர்" என்பார். அந்த ஒரு வார்த்தையில்தான் கடை நடந்தது. எப்படியென்றால், ஆயுத பூஜை வரும். ஜனங்கள் வண்டி, ஏர், சுத்தியல், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். ஹீட்டருக்கும் வைப்பார்கள். உயிர் எங்கே இருக்கிறது என்றுதான் கோதண்டம் சொல்லியிருக்கிறாரே. மூடியைத் திறந்து அந்த முனைக்கும் அழுத்தமாக ஒரு பொட்டு. அடுத்த நாள் பைலட் எரிய, சந்தனம் வெந்து ஓடாகி முனையைப் போர்த்திக்கொள்ளும். மூக்கில் சூடு ஏறாது. பொத்தானை அமுக்கிப் பைலட்டைப் பற்றவைத்துக் கையை எடுத்தால் வால்வு மூடிக்கொள்ளும். கடையில் போன் அடிக்க ஆரம்பிக்கும்.

சேர்ந்த புதிதில் ஒரு வீட்டில் டூத் பிரஷால் தேய்த்துவிட்டேன். தீ நின்றது. சந்தோஷமாகக் கடைக்கு வந்து சொன்னேன்.

"பல்லு வெளக்கவாடா உனுக்கு சம்பளம் குடுக்கறேன்?" என்றார் கோதண்டம். "மாத்துறா. பழச கொண்டாந்து என் கைல குடு."

கழற்றிய பழைய தெர்மோகப்பிள் அவருடைய சட்டைப் பைக்குள் போகும். கடையில் அதே டூத் பிரஷ், கொஞ்சம் எலுமிச்சை, ஒரு பிளாஸ்டிக் உறை. அடுத்த வீட்டில் அது புதுசு. நைனார்பாளையத்தில் வைத்த சந்தனம் சங்கராபுரத்தில் போய் எரியும். உண்மையிலேயே செத்த தெர்மோகப்பிளும் அதே பைக்குள்தான் போனது. எது சந்தனம் பூசியது, எது செத்தது என்று பிரித்து வைக்க அவருக்குப் பொறுமை இல்லை.

நைனார்பாளையத்தில் அப்படி உண்மையிலேயே செத்த ஒன்றை ஒருமுறை மாற்றினேன். அந்த வேலையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

முதலில் சிலிண்டரை மூட வேண்டும். ஹீட்டர் குமிழைத் திருப்பிவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் முடி இருக்காது. பிறகு மூடியைக் கழற்றி, உள்ளே ஆறவிட வேண்டும். தெர்மோகப்பிளின் ஒரு முனை பைலட் பக்கத்தில் ஒரு தகட்டில் பிடித்திருக்கும். மறுமுனை வால்வில் ஒரு பித்தளை நட்டில் முடியும். பித்தளை மெத்தென்றது. அவசரப்பட்டால் மழுங்கிவிடும். நைனார்பாளையத்து நட்டு பிடித்துக்கொண்டு வரவே இல்லை. ஸ்பேனர் வழுக்கியது. கடைசியில் குறடு போட்டேன். என் குறட்டில் ஒரு பல் உடைந்திருந்தது. அதனால் நட்டின் மேல் பல் பதிந்த வரிசையில் நடுவே ஓர் ஓட்டை விழுந்தது, பொக்கை வாய் கடித்தது மாதிரி. வெளியே எடுத்துப் பார்த்தால் முனை வெடித்திருந்தது. அதற்கு இனி எந்தப் பிரஷும் உதவாது.

புதியதை மாட்டும்போது செம்பு வாலை மடக்கக் கூடாது, பெரிதாக வளைத்துக் கொண்டுபோக வேண்டும். நட்டைக் கையால் திருகி, நின்ற பிறகு ஸ்பேனரால் கால் சுற்று. அதற்கு மேல் வீரம் வேண்டாம். எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பைலட்டைப் பற்றவைத்து, பொத்தானை அமுக்கிப் பிடித்து, நம் பெயர், தகப்பன் பெயர், ஊர் பெயர் எல்லாம் மனதுக்குள் நிதானமாகச் சொல்லி முடித்து, கையை எடுக்க வேண்டும். தீ நிற்கும்.

நின்றதும் கிளம்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். தீயை ஊதி அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் உள்ளே 'டக்' என்று வால்வு விழும். அந்த 'டக்' காதில் விழாமல் வீட்டை விட்டு வரக் கூடாது. எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் இதற்காக என் தலையில் ஸ்பேனராலேயே தட்டியிருக்கிறார். அதுவும் கிட்டத்தட்ட அதே சத்தம்தான்.

கழற்றிய செத்த தெர்மோகப்பிளைக் கோதண்டத்திடம் கொடுத்தேன். பைக்குள் போட்டுக்கொண்டார்.

இப்போது மலைக்கு வருகிறேன். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சொகுசு விடுதி. விருந்தாளிகள் தங்கும் குடில்களுக்குப் புது ஹீட்டர் மாட்டும் வேலை கோதண்டத்துக்குக் கிடைத்தது. அங்கே கழற்றிய பழைய ஹீட்டர் ஒன்றை, விடுதியைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளையன் வீட்டுக் குளியலறையில் அவரே மாட்டிக் கொடுத்தார். வெள்ளையனின் மனைவி செல்விக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. "பச்ச ஒடம்பு, வெந்நி வேணும். என் தர்மமா இருக்கட்டும்" என்று கோதண்டம் சொன்னதாகக் கேள்வி. தர்மத்தின் அளவு எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சில நாளில் வெள்ளையன் போன் செய்தான். கோதண்டம் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், பத்த வெச்சா அடிக்கடி அணைஞ்சி பூடுது சார். பாத்ரூம்ல ஒரு மாதிரி நாத்தம் வேற வருது."

"யோவ், பிள்ள பெத்த வூட்ல பூண்டு நாத்தம் வராம ரோஜாப்பூ நாத்தமா வரும்?" என்று சிரித்தார் கோதண்டம். போனை வைத்துவிட்டு என்னிடம், "முருகேசா, ஒரு நட போய் தொடச்சி வுட்டுட்டு வா" என்றார்.

காசு வராத வேலை என்றால் துடைக்கலாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது வெள்ளையன் சாமான் வாங்கச் சங்கராபுரம் போயிருந்தான். வாசலில் செல்வியின் அம்மா காளியம்மா முறம் நிறையப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். உள்ளே அடுப்பில் நல்லெண்ணெயில் பூண்டு வதங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு கொடுப்பது எல்லா ஊரிலும் உண்டு. காளியம்மா கொடுத்த அளவுக்கு நான் பார்த்ததில்லை. சுவரே பூண்டாக மணத்தது. அந்த வீட்டில் யாருக்கும் வேறு எந்த நாற்றமும் தெரிய வாய்ப்பில்லை.

"வாப்பா மெக்கானிக்கு. குளிக்க ஊத்தற நேரம். நீயே வந்து பாரு" என்று தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

குளியலறைக் கதவைத் திறந்ததும் எனக்கு ஒரு நாற்றம் அடித்தது. அதுவும் பூண்டு மாதிரிதான், ஆனால் உரித்த பூண்டு அல்ல, அழுகிய பூண்டு. கேஸ் கசிந்தால் தெரிய வேண்டும் என்றுதான் அப்படி ஒரு நாற்றத்தைக் கலந்து வைக்கிறார்கள். கலந்தவர்கள் காளியம்மாவின் சமையலை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

காளியம்மா தீக்குச்சியை எடுத்துவிட்டார். நான் கையைப் பிடித்துத் தீப்பெட்டியைப் பிடுங்கினேன்.

"இன்னாபா இது, வந்ததும் வராததுமா கைய புடிக்கிற? உள்ள என் பொண்ணு கீறா!"

"வெளிய வாம்மா மொதல்ல."

சிலிண்டர் வெளிச்சுவர் ஓரம் இருந்தது. ஓடிப்போய் மூடினேன். திரும்பி வந்து பார்த்தால் குளியலறையின் காற்றுத் துவாரத்தில் கோணிப் பை அடைத்திருந்தது. இழுத்து எறிந்தேன்.

"அடப் பாவி! காத்து பட்டா என் பொண்ணுக்கு ஜன்னி வந்துடும்யா!"

"கேஸு போவணும்மா."

"கேஸு இன்னா கேஸு? அது பூண்டு! நேத்தும் இதே நாத்தம்தான். பத்த வெச்சப்ப புஸ்ஸுனு ஒரு கொழுந்து வந்துச்சி, பூடுச்சி. இன்னா ஆய்ட்ச்சி இப்ப?"

அப்போதுதான் காளியம்மாவின் முகத்தை நன்றாகப் பார்த்தேன். இடது கண்ணுக்கு மேலே புருவம் இல்லை. வாசலில் பார்த்தபோது பிறவியிலேயே அப்படி என்று நினைத்திருந்தேன்.

நாற்றம் போகிற வரை வெளியே நின்றுவிட்டு, மூடியைக் கழற்றினேன். உள்ளே பைலட் பொத்தானை அமுக்கிப் பிடித்து, ஒரு நைலான் கயிற்றால் குழாயோடு சேர்த்துக் கட்டியிருந்தது. அந்த மாடலில் பொத்தான் அமுங்கியே இருந்தால் வால்வு மூடவே மூடாது. அடைத்த அறையில் காற்றில்லாமல் தீ அணைந்தாலும் கேஸ் வந்துகொண்டே இருக்கும். கயிற்றின் முடிச்சு அழகாக இருந்தது. கோதண்டம் எதைச் செய்தாலும் மடிப்புக் கலையாமல் செய்வார்.

ஏன் கட்டினார் என்று தெர்மோகப்பிளைப் பார்த்தேன். முனை வெடித்திருந்தது. வால்வு பக்கத்து நட்டில் பொக்கை வாய் கடித்த அடையாளம். நைனார்பாளையத்தில் என் குறடு கடித்தது. ஹீட்டரோடு வந்த நல்லது அவர் சட்டைப் பைக்குள் போயிருக்கும்.

விடுதி வாசலில் ஒரு பாறைமேல் ஏறினால் சிக்னல் கிடைக்கும். ஏறி நின்று போன் போட்டேன்.

"மொதலாளி, நைனார்பாளையத்துல கழட்ன செத்தத இங்க மாட்டி வெச்சிருக்கீங்க."

"யாரு சொன்னா?"

"என் குறடு சொல்லிச்சி."

"சரி, சேலத்துல இருந்து புதுசு அடுத்த வாரம் வருது. அது வரைக்கும் கயிறு இருக்கட்டும்."

"கேஸு ரூம்பு பூரா நிக்கிதுங்க. காத்து ஓட்டைய வேற அடச்சி வெக்கறாங்க."

"நாலு நாளு குளிச்சா செத்தா பூடுவாங்க?"

"ஆமாங்க."

இந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. தொண்டையைச் செருமினார். பிறகு குரலைத் தணித்து, சமாதானமாகவே கேட்டார்:

"டேய், கெஸ்ட்டு ரூம்புல இல்லியே? வேலக்காரன் வூடுதான?"

எத்தனையோ முதலாளிகளிடம் எத்தனையோ வசவு வாங்கியிருக்கிறேன். எதுவும் என்னைத் தொட்டதில்லை. இதில் வசவே இல்லை.

"கயிற அவுக்கறேங்க" என்றேன்.

"அவுத்தீனா நாளைக்கி கட பக்கம் வராத."

"சரிங்க."

கயிற்றை அறுத்தேன். ஆனால் கயிற்றை அறுப்பதில் ஒரு பயனும் இல்லை என்று எனக்குத் தெரியும். பொத்தானைக் கட்டினால் தீ நிற்கும் என்பதைக் காளியம்மா பார்த்து வைத்திருந்தார். அவரிடம் நூலுக்கா பஞ்சம்? நான் முதுகைத் திருப்பியதும் கோணிப் பையும் பழைய இடத்துக்கு ஏறிவிடும். உள்ளேயிருந்து செல்வி, "எம்மா, தண்ணி காஞ்சிச்சா?" என்று கேட்டாள். குழந்தை அழுதது. நான் ரெகுலேட்டரைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். காளியம்மா திட்டியதில் பாதியை எழுத முடியாது.

இப்படித்தான் நான் அந்த மலைப்பாதைக்கு வந்தேன்.

நாலைந்து வளைவு இறங்கியிருப்பேன். கீழேயிருந்து ஒரு பைக் சத்தம் போட்டுக்கொண்டு ஏறி வந்து என் முன்னால் குறுக்கே நின்றது. வெள்ளையன். கைப்பிடியில் மளிகைப் பை தொங்கியது.

"யோவ், ரெகுலேட்டர் எங்கய்யா? எங்க மாமியாரு சொல்லி, நான் கீழ இருக்கும்போதே உங்க மொதலாளி போன் பண்ணிட்டாரு. திருடிக்கினு போறான், புடினு சொன்னாரு."

"பைலதான் இருக்குது."

"குடு."

"குடுத்தா இன்னா பண்ணுவ?"

"மாட்டுவேன். என் பொண்டாட்டி குளிக்க வேணாவா? குளுர்ல நடுங்கிக்கினு கீறா."

நான் கயிற்றைச் சொன்னேன். கோணிப் பையைச் சொன்னேன். நாற்றம் பூண்டு அல்ல என்று சொன்னேன். அவன் காதில் எதுவும் ஏறவில்லை. "அதெல்லாம் மாட்டும்போதே கோதண்டம் சார் பாத்துட்டாரு. தப்பிச்சீங்கனு சொல்லிட்டுப் போனாரு" என்றான். பையைப் பிடித்து இழுத்தான். அவனுக்கு என் வயதில் பாதி. என் கை நழுவ ஆரம்பித்தது.

"வெள்ளையா, உன் மாமியாருக்கு எத்தினி புருவம்?"

"இன்னா?"

"எத்தினி புருவம்னு கேட்டேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியாரைப் பற்றி யார் எது சொன்னாலும் மருமகனுக்குச் சிரிப்பு வரும். "ஒண்ணுதான். நேத்து அடுப்புல பொசுக்கிக்கினாங்க" என்றான்.

"அடுப்புல இல்ல."

சிரித்த வாய் அப்படியே நின்றது. பையை விட்டான். மலை பக்கம் திரும்பிப் பார்த்தான். அவன் மாமியார் தினமும் அந்தத் தீக்குச்சியைக் கிழித்துவிட்டு வெளியே வந்துவிடுவார். அதற்கப்புறம் உள்ளே உட்கார்ந்து குளிப்பது யார் என்பது அவனுக்குத் தெரியும்.

"ஏறுண்ணா" என்றான்.

வீட்டுக்குத் திரும்பினால் காளியம்மா துவாரத்தில் கோணிப் பையை மறுபடி அடைத்து முடித்திருந்தார். வெள்ளையன் புருவத்தைக் காட்டிக் கத்தினான். அவர் கையால் தடவிப் பார்த்துக்கொண்டார். கொஞ்சம் யோசித்தார். ஆனால் தோற்கவில்லை.

"சரி, மிஷினு வேணாம். கோணி எடுக்க மாட்டேன். பச்ச ஒடம்புக்குக் காத்து ஆவாது."

"கோணி இருக்கட்டும்மா" என்றேன். "தண்ணிய வெளிய காய வெச்சி உள்ள எடுத்துக்கினு போ. அதுல ஒண்ணும் ஆவாது."

"யாரு காய வெக்கறது? நான் புள்ளையப் பாக்கறதா, பத்தியம் பண்றதா? இவன் காலைல கெஸ்ட்டுக்கு டீ தூக்கிக்கினு ஓடுவான். வெறகு வேற மழைல நனஞ்சி கெடக்குது. நீ பாட்டுக்கு மிஷின கழட்டிப் போட்டுட்ட." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனுக்கு நாளைக்கி வேல இருக்குதா?"

"மத்தியானம் வரைக்கும் இருந்துச்சி."

ஹீட்டர் தொழிலிலிருந்து நான் ஓய்வு பெற்றது அன்றுதான். அதற்கப்புறம் நான் செய்த வேலைகளில் நட்டு, வால்வு எதுவும் கிடையாது. வழியனுப்பு விழாவில் காளியம்மா திட்டியதுதான் பாராட்டுரை. கோதண்டம் இப்போதும் சௌக்கியம். இரண்டு கடை. பேனரில் அவர் படம் போட்டிருக்கிறார்கள், வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதால் அவர் செய்தது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. நான் டீ குடிக்கிற கடைக்கு எதிரே இருக்கும் சர்வீஸ் சென்டரும் அவருடையதுதான்.

அன்று விடுதியின் விறகுக் கொட்டகையில் படுத்தேன். விடிந்தபோது பனிமூட்டம் வாசல் வரை வந்து நின்றது. ஈர விறகைப் பிளந்து, மூன்று கல் கூட்டி, அண்டாவை ஏற்றி, தீ மூட்டினேன். புகை கண்ணைக் கரித்தது. எத்தனை வருடம் கேஸில் வேலை பார்த்தேன், ஊதி ஊதி ஒரு அடுப்பைப் பற்றவைக்கத் தெரியவில்லை. காளியம்மா உள்ளேயிருந்து ஒரு பலகையைக் கொண்டுவந்து அடுப்புக்கு முன்னால் போட்டார். ஒற்றைப் புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"இங்க குந்து. நெருப்பு மேலயே கண்ணு இருக்கட்டும். அங்க இங்க எழுந்து போகாத. அணையற மாதிரி இருந்தா ஒடனே சத்தம் குடு. இது ஒண்ணுதான் உனுக்கு வேல, புரிஞ்சிதா?"

"தெரியும்மா" என்றேன். "இந்த வேலைய நான் எத்தினியோ வூட்ல மாட்டியிருக்கேன்."

நெருப்பை நோக்கி மூக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.